சுகந்தினியும் குளிர்ந்த தகரமும்

இரத்தினபுரி பஸ் நிலையத்தை ஒட்டிய கடைச் சுவர்களில் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்தபடி போகிறாள் சுகந்தினி. துணிக்கடை ஜவ்பர் நானாவுக்கு இது பழகிவிட்டது.

"என்ன புள்ள, இண்டைக்கும் செவருக்குக் காச்சலா?"

"நல்லா அடிக்குது நானா. வாசல்ல ஒரு மரம் வைங்க, எறங்கிரும்."

பல்கலைக்கழகத்தில் அவள் ஆராய்ச்சி மாணவி. தேயிலைக்கும் ரப்பருக்கும் நடுவே இந்த நகரம் மட்டும் எவ்வளவு கூடுதலாகக் கொதிக்கிறது என்று செயற்கைக்கோளின் வெப்பப் படங்களை வைத்துக் கணக்கிடுகிறாள். ஊரோ மழைக்குப் பேர்போனது. எந்தப் படத்தைத் திறந்தாலும் மேகம்தான். நடுத்தெருவில் நின்று அண்ணாந்து, "போய்த் தொலையேன்" என்று மேகத்தை வைவாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனதே இதனால்தான்.

சென்ற மாசியில் தெளிவான படம் ஒன்று அகப்பட்டது. நகரம் சிவப்பு, தோட்டம் பச்சை. குருவிட்டப் பக்கம் அவள் பிறந்த தொழிலாளர் வரிசை வீடான லயம் மட்டும் கடும் நீலம். அதாவது, தேயிலையைவிடக் குளிர்ச்சி! புதிதாகத் தகரம் போட்ட லயம் அது. அங்கேயே குடியிருக்கும் அம்மா அழகம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒன் செட்டலைட்டுக்குக் கண்ணுல பூ விழுந்திருச்சாடி? நாங்க இங்க அவிஞ்சு போறோம்!"

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சிரிக்கவில்லை. சூடு தாங்காமல் லயத்துக்காரர்கள் தகரத்துக்கு அடியில் சீலிங் கேட்டுக்கொண்டிருந்த நேரம். தோட்டத்தில் ஆராய்ச்சி செய்ய அனுமதி தந்த நன்றிக்காகச் சுகந்தினி கொடுத்த படத்தையே எடுத்துக் காட்டி, "செட்டலைட்டே கூல்னு சொல்லுது, சீலிங் என்னத்துக்கு?" என்று கைவிரித்துவிட்டார். தன் படத்தாலேயே அம்மாவுக்குச் சீலிங் இல்லாமல் போனதை நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகுதான் காரணம் பிடிபட்டது. பளபளக்கும் தகரம் எவ்வளவு சுட்டாலும் சூட்டை வெளியே அதிகம் காட்டாது. வானத்திலிருந்து பார்ப்பவருக்குக் குளிர்ந்த மாதிரியே தெரியும். அடுத்த உச்சி வெயிலில் துரையைக் கையோடு லயத்துக்கு அழைத்து வந்தாள். எட்டும் உயரத்துக் கூரையில், தகரத்தின் சூட்டை ஒளிக்காமல் காட்டும் கறுப்பு டேப் துண்டு ஒன்றை ஒட்டி, தூரத்திலிருந்தே சூடு பார்க்கும் கருவியை நீட்டினாள். வெறும் தகரத்தில் இருபத்துநான்கு பாகை. டேப்பில் அறுபத்தொன்று.

துரை கருவியைத் தட்டிப் பார்த்தார். "இதுல எது சரி?"

"சரி சேர், மெஷின விடுங்க. அம்மா டீ ஊத்துறாங்க, உள்ள வாங்க."

அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஆவி பறக்கும் தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு, சுகந்தினி சிரித்த முகத்தோடு ஜன்னலையும் கதவையும் சாத்தினாள்.