குப்பை வாளியில் தெரிந்த ருசி

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் கோடைகாலத் தமிழிசை விழா ஒன்றுக்குப் போயிருந்தேன். இப்படியான விழாக்களில் நல்ல சாப்பாட்டுக் கடைகளைத் தேடிப் பிடித்து வீடியோ போடுவது என் வழக்கம். செம்மஞ்சள் மேலங்கி அணிந்த ஒரு பெண் அங்கே குப்பை வாளிகளைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த முகம். ஒவ்வொரு பையையும் கட்டுமுன் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி பாக்கிறீர்?" என்று கேட்டேன்.

"எந்தக் கடைச் சாப்பாடு திறம் எண்டு வாளியைப் பாத்தாத் தெரியும் அண்ணை. மூலையில அப்பம் சுடுற அன்ரியின்ர தட்டுகள் வெறுந்தட்டாத்தான் வருது. உந்தப் பெரிய கடைக் கொத்துரொட்டி பாதிக்கு மேல குப்பைக்குத்தான்."

"இதை வீடியோவில சொல்லட்டோ?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "உந்தக் கொத்தை ரொறன்ரோவிலேயே திறம் எண்டு ஃபோனுக்குச் சொல்லிப்போட்டு, ரெண்டு வாயோட நீங்களும் இதுக்குள்ளதானே போட்டனீங்கள்" என்றார். குரலில் கோபமே இல்லை.

எனக்குக் காது சுட்டது. "கடைக்காரர் தெரிஞ்ச ஆள்..." என்று இழுத்தேன்.

"ஓம், விளங்குது" என்றபடி பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாளிக்குப் போய்விட்டார்.

பிறகு அந்த அன்ரியிடம் அப்பம் வாங்கிச் சாப்பிட்டேன். உண்மையிலேயே அருமை. ஆனால் படம் எடுக்கக் கை எழவில்லை. கொத்துரொட்டி வீடியோவை அந்தக் கடைக்கார நண்பரின் முகத்துக்காக இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "உங்களை நம்பித்தான் அங்க சாப்பிட்டனாங்கள்" என்று அதன் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்.