தேதி போடாத கடிதம்

நான்காக மடித்த அந்தக் கடிதம் என் டிபன் பையின் ஓரத்து ஜிப்பில் பல வருடங்களாகக் கிடக்கிறது. மூன்று பை மாற்றிவிட்டேன், கடிதத்தை மாற்றவில்லை. மூலையில் சாம்பார்க் கறை. சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகுகிறேன் என்று என் அழகான கையெழுத்தில் இருக்கும். தேதி மட்டும் போடவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கும் என் நண்பன் ஒருவனுக்கும் அடுத்தடுத்த லேத் மிஷின். அவன் கொரட்டூர்க்காரன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான். எனக்குத் தெரிந்த கலை, வாயால் சத்தம் போடுவது. ஓர் ஆயுத பூஜையன்று, எல்லா மிஷினையும் நிறுத்திப் பொட்டு வைத்திருந்த நேரத்தில், மழுங்கிய டூல் இரும்பில் உரசும் கிறீச்சலை வாயாலேயே எழுப்பினேன். ஃபோர்மேன் கற்பூரத் தட்டோடு ஓடிப்போய், ஓடாத லேத்தின் சுவிட்சை அணைத்தார். அந்தக் கணத்தில் அவன், பூஜைக்கு வாசிக்கக் கொண்டுவந்திருந்த கீபோர்டில் ஒரு மேளச் சத்தத்தைத் தட்டினான் பாருங்கள், கற்பூரம் அணையும் வரை ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. அன்றிலிருந்து நாங்கள் ஜோடி. ஆவடியில் காதுகுத்து, மாங்காட்டில் வளைகாப்பு என்று லீவு நாளெல்லாம் மேடை. நான் எங்கே மூச்சு விடுவேன் என்று என்னைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஒரு மெல்லிசைக் குழு இருவரையும் முழுநேரமாகக் கூப்பிட்டது. "ஒண்ணா லெட்டர் குட்த்துடலாம் மாமே. நீ கீறேன்னுதான் நான் குதிக்கிறேன்" என்றான். அவன் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும் என்பதால் இரண்டு கடிதத்தையும் நானே எழுதினேன்.

மறுநாள் காலையில் அவன் முதலில் ஃபோர்மேன் ரூமுக்குள் போய்க் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். அடுத்து நான். ஃபோர்மேன் நிமிர்ந்து, "இன்னாபா?" என்றார். ஊர் சத்தமெல்லாம் போட்ட வாயில் காற்றுதான் வந்தது. கை தானாக மேஜைமேல் இருந்த தாளை இழுத்தது. காய்ச்சல் என்று மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"குட்த்தியா?" என்றான் வாசலில்.

"குடுத்துட்டேன்டா" என்றேன். பொய் இல்லை, ஏதோ ஒரு லெட்டர் கொடுத்திருந்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டான்.

நான்காம் நாள், ஒத்திகைக்கு என்னை அழைத்துப்போக வீட்டுக்கு வந்திருக்கிறான். காய்ச்சல் லீவு முடிந்து ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். வாசலிலேயே திரும்பிப் போனவன், அப்புறம் என்னிடம் பேசவில்லை.

இந்த வருடம் கம்பெனி ஊருக்கு வெளியே எங்கோ போகிறது. எங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் செய்யாத ராஜினாமாவைக் கம்பெனியே எனக்காகச் செய்து கொடுத்தது. வழியனுப்பு விழாவுக்குப் பாட்டுக்குழு வைத்திருந்தார்கள். கீபோர்டின் பின்னால் நரைத்த தலையோடு அவன்.

எல்லாரும் கேட்டதால் அந்தப் பழைய கிறீச்சலைப் போட்டேன். மூச்சு விட்ட இடத்தில், கொஞ்சமும் பிசகாமல், மேளம் விழுந்தது.

முடிந்ததும் கடிதத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். நிதானமாகப் படித்தான்.

"உனுக்கு அப்புறம் நாலு பேர் வந்தானுங்க மாமே. எவனுக்கும் மூச்சு உடத் தெர்ல" என்றான். கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டு, கீபோர்டை உறைக்குள் நுழைத்துக்கொண்டே, "காய்ச்சல் இப்போ எறங்கிச்சா?" என்றான்.

சிரித்தேன். கடிதத்தை அதே நான்கு மடிப்பாக மடித்து ஜிப்பில் வைத்தேன். மறுநாள் முதல் அந்தப் பைக்கும் வேலையில்லை.