பெர்பெரியான்

கனடாவில், வெக்ஸ்போர்ட் என்ற இடத்தில் நான் ஏழு வருடமாக வேலை செய்யும் பேக்கரியின் முதலாளி ஆர்மேனியர். பெய்ரூத்தில் பிறந்தவர். அவருடைய குடும்பப் பெயர் பெர்பெரியான். வாசல் கண்ணாடியில் அது பொன்னிற எழுத்தில் இருக்கிறது.

அங்கே இன்னொரு தமிழரும் வேலை செய்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணை என்று கூப்பிடுவேன். எனக்கு அவரைப் பிடிக்காது. முதல் நாள், நான் ஏப்ரன் கட்டி முடிக்கவில்லை, கேட்டுவிட்டார்.

“தம்பி, ஊரிலை எவடம்?”

ஊரைச் சொன்னேன்.

“அது சரி. கோயிலடியோ, சந்திக்கு அங்காலையோ?”

“சந்திக்குக் கிட்ட.”

“அப்பா என்ன செய்தவர்?”

“கடை வைச்சிருந்தவர்.”

“என்ன கடை?”

“சின்னக் கடை, அண்ணை.”

சாதியை நேரே கேட்க எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். அதனால் தெருவைக் கேட்பார்கள். என் அப்பா வைத்திருந்தது சலூன். அதற்காகவே பள்ளிக்கூடத்தில் என்னைக் கடைசி வாங்கில் தனியாக இருத்தினார்கள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். கனடாவிலாவது ஒருவருக்கும் தெரியாமல் போகட்டும் என்று இருந்தேன். இந்த மனிதர் விடவில்லை. மாதம் ஒரு புதுக் கேள்வி. தெரிந்தால் எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். ஆகவே சொன்ன பொய்களையெல்லாம் கவனமாக ஞாபகம் வைத்திருந்தேன்.

முதலாளிக்கு முன்னால் அண்ணை வேறு ஆள். “யெஸ் சேர், யெஸ் சேர்” என்று வாய்க்கு வாய் சேர் போடுவார்.

“பேரைப் பார் தம்பி, பெர்பெரியான். பேரிலேயே பெரியான் எண்டு கிடக்கு. உவையள் தங்கடை ஊரிலை பெரிய குடும்பம். நடையிலேயே தெரியேல்லையே?”

நான் மாவை உருட்டிக்கொண்டிருப்பேன்.

போன மார்கழியில் ஒரு மத்தியானம் முதலாளியும் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தார். அண்ணை ஆங்கிலத்தில் பணிவாக, உங்கள் பெயருக்குப் பெரிய மனிதர் என்றுதானே அர்த்தம் என்று கேட்டார்.

முதலாளி சிரித்தார். பெர்பெர் என்றால் துருக்கி மொழியில் முடிவெட்டுகிறவர், யான் என்றால் அந்த வழியில் வந்தவர் என்றார். பாட்டனுக்குப் பாட்டன் யாரோ கத்தரி பிடித்திருக்க வேண்டுமாம். தையற்காரர் வழி தெர்சியான், கொல்லர் வழி தார்பின்யான். இப்படிப்பட்ட பெயர்கள் அவர்களுக்குள் ஏராளம். அவருடைய வகுப்பில் மட்டும் மூன்று பெர்பெரியான்கள் படித்தார்களாம், மூன்று பேருக்கும் ஒரு சொந்தமும் கிடையாதாம். பிறகு, உங்கள் ஆட்களிலும் தொழிலால் வந்த பெயர்கள் இருக்கும்தானே என்று கேட்டார்.

“நோ, நோ,” என்றார் அண்ணை. “நத்திங் லைக் தட்.”

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, சிரித்த முகம் மாறாமல், முடிவெட்டுகிறவர்களுக்கு ஊரில் வைத்திருக்கும் சொல்லைத் தமிழில் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன்.

“உவனுக்கே நான் இவ்வளவு நாளும் சேர் போட்டுக்கொண்டு நிண்டனான்!”

“மை ஃபாதர் ஆல்சோ பார்பர்,” என்றேன் முதலாளியைப் பார்த்து. அவர் கேட்காமல் நானாக அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அவர் எழும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்படியென்றால் நீயும் ஒரு பெர்பெரியான் என்றார்.

அவர் உள்ளே போகும்வரை அண்ணை பொறுத்திருந்தார்.

“அப்ப ஏன்ரா எனக்குப் பொய் சொன்னனீ?”

“நீங்கள் ஏன் கேட்டனீங்கள்?”

“சும்மாதான் கேட்டனான்.”

“ஏழு வருசமாச் சும்மாவோ?”

அடுத்த நாளிலிருந்து அவர் காருக்குள் இருந்து சாப்பிடுகிறார். மைனஸ் இருபதிலும் அப்படித்தான். கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்திருக்கும். உள்ளே வரச் சொல்லி முதலாளி இரண்டு தரம் கதவைத் திறந்து கூப்பிட்டுப் பார்த்தார். நான் கூப்பிடவில்லை. கூப்பிடப் போவதும் இல்லை.