அவன் நம்பரில் ஓடிய மோட்டார்

மானாம்பதிக்குப் பக்கத்தில் என் அக்காவுக்குக் கொஞ்சம் நிலமும் அதில் ஒரு போர்வெல்லும் இருக்கின்றன. கணவர் இறந்தபிறகு அவள்தான் பயிர் வைக்கிறாள். மோட்டார் மட்டும் மகன் பொறுப்பு. கொட்டகையில் ஒரு மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டி உண்டு. அதில் பதிந்திருக்கும் எண்ணிலிருந்து அழைத்தால்தான் மோட்டார் ஓடும், நிற்கும். பெட்டியை 'ஆட்டோ' நிலையில் போட்டுவிட்டால், மும்முனை மின்சாரம் வந்ததும் தானாக ஓடும். பெட்டியை வாங்கி மாட்டியவன் மகன். பதிந்திருப்பது அவன் எண்.

இருபத்தைந்து வயதுக்காரன். ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருந்தான். போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடி ஆடி ஷிஃப்டுகளைத் தவறவிட்டான். இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அதன்பின் உள்ளறையில், சார்ஜர் ஒயர் எட்டுகிற தூரத்துக்குள்ளேயே இருக்கிறான்.

போன சம்பாவில், கதிர் வெளிவரும் நேரத்தில், ஒரு மத்தியானம் அங்கே போனேன். எலி கடித்து மோட்டார் ஒயர் அறுந்திருந்தது. வயல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. ஒயர்மேன் மறுநாள்தான் வருவதாகச் சொல்லிவிட்டார். அக்கா தானே ஒயரைச் சேர்த்து டேப் சுற்றுவதாக இருந்தாள். அவள் கணவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்த அனுபவம்தான். அப்போது மின்சாரம் இல்லை. எந்த நேரமும் வரலாம். முதலில் மகன் போன் செய்து ஆட்டோவை நிறுத்த வேண்டும்.

அறை வாசலில் போய் நின்றாள்.

"இன்னாக்கா நிக்கிற? சொல்லேன்."

"இரு. இன்னும் சாவல."

எனக்குப் புரியவில்லை என்று கண்டு, தணிந்த குரலில் சொன்னாள்: "ஆடிக்கினு இருக்கும்போது இன்னா சொன்னாலும் 'ம்'னுவான். காதுல ஏறாது. அதுல அவன் செத்தாத்தான் பேச முடியும். சோறு போடறதுகூட அப்பதான்."

உள்ளே குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன. அடுப்பில் பால் பொங்குவதற்காக நிற்பவளைப் போல நின்றாள். "ச்சே" என்று அவன் குரல் கேட்டதும் சட்டென்று உள்ளே போனாள்.

"நைனா, மோட்டார ஆஃப் பண்ணு. ஒயர் சேக்கப் போறேன்."

"ம். பண்றேன்."

"பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேம்மா, போ."

நாங்கள் வெளியே வருவதற்குள் அடுத்த ஆட்டம் ஆரம்பித்திருந்தது.

வரப்பில் நடக்கும்போது கேட்டேன். "பீஸ் கட்டைய புடுங்கிட்டா கரண்டே வராது, வேல முடிஞ்சுதே. அவன எதுக்கு நம்பற?"

திரும்பாமல் சொன்னாள். "இந்த வூட்டுல அவன் செய்யறது இது ஒண்ணுதான். அதையும் நானே செஞ்சுட்டா, அவன எதுக்குடா கூப்புடுவேன்?"

"உன் உசுரு அது, அக்கா."

"தெரியும், வா."

கொட்டகையில் குந்தி, கத்தியை எடுத்து, அறுந்த ஒயரின் நுனியைத் தூக்கினாள். பெட்டியில் ஆட்டோ விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. எனக்கு முன்பே அவள் அதைப் பார்த்துவிட்டாள். ஒயரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து, மகனுக்கு போன் செய்தாள். கட் செய்தான். மறுபடியும் செய்தாள். மறுபடியும் கட் செய்தான்.

"வெளிய வா, அக்கா" என்றேன்.

"இரு, எடுப்பான்."

பக்கத்து நிலத்தில் மோட்டார் உறுமியது. மின்சாரம் வந்துவிட்டது. சற்றுப் பொறுத்து எங்கள் பெட்டிக்குள் 'டக்' என்றது. தரையில் கிடந்த நுனி பொறி விட்டு, புழுதியைக் கருக்கியது. அவள் கால்விரலுக்கும் அதற்கும் இடையில் ஒரு முறம் வைக்கும் அளவுதான் இடம்.

அவள் சுவரோரமாகப் போய் பீஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு உட்கார்ந்து ஒயரைச் சேர்த்தாள். விரல்கள் சரியாகவே வேலை செய்தன. டேப்பைக் கடித்து அறுத்துச் சுற்றினாள். கட்டைகளைத் திரும்பச் சொருகினாள். கொஞ்ச நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்தது. அவள் அதைப் பார்க்க நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகனின் அறைக்கு எதிரிலேயே நின்று ஒயர்மேனுக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்திருந்தாள்.

"ஸ்டார்ட்டர்ல நம்பர் மாத்தணும். நாளைக்கு கண்டிப்பா வந்துடு."

"ஏன்? புள்ள நம்பர்தான கீது?"

"மாத்தணும்."

அறைக்குள் சத்தம் நின்றது. ஆட்டம் முடிந்து நின்றதல்ல; பாதியில் அணைத்துவிட்டு அவன் வெளியே வந்திருந்தான். அவன் தானாக வெளியே வந்து மாதக்கணக்கில் நான் பார்த்ததில்லை.

"மறந்துட்டம்மா. கை ஆட்டத்துலயே இருந்துது, பண்ணிட்டேன்னே நெனச்சுக்கினேன்." "எங்கிட்டயே இருக்கட்டும்மா. இனிமே பாத்துக்கறேன்."

"அலோ, எந்த நம்பர் போடணும்? சொல்லு, எழுதிக்கறேன்" என்றார் ஒயர்மேன்.

அக்கா மகனின் முகத்தைப் பார்த்தாள். அவன் வெளியே வர வேண்டும் என்றுதான் இவ்வளவு காலம் அந்த வாசலில் நின்றிருந்தாள். வந்து நிற்கிறான்.

"அலோ, லைன்ல கீறியா?"

"கீறேன்" என்றாள். கண்ணை அவன்மீதிருந்து எடுக்காமல், தன் எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.