புழு பார்க்க டப்பா கேட்டவள்

ஊரார் மலத்தை டப்பாவில் கேட்டு வாங்குவதும் ஓர் உத்தியோகம்தான்; சுகாதார நிலையத்தில் எடுபிடியாக இருந்தபோது நான் அதைத்தான் செய்தேன். வயிற்றில் பூச்சியோடு வளர்ந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யார் வயிற்றில்?

வயலில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழு அதிகமா, தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்காருபவர்களுக்கா? டாக்டரம்மாவுக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வயல்காரர்களைக் கேட்க மாகறலுக்குப் போனேன். "நாள் பூரா குழியில குந்திக்கினு இருக்காங்களே, அந்த நெசவுக்காரங்களைக் கேளும்மா" என்று துரத்தினார்கள். ஓட்டமும் நடையுமாக நெசவாளர்கள் இருக்கும் பிள்ளையார்பாளையம் வந்தேன். ஒரு நெசவாளி தறியிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

"சேத்துல நிக்கிறவன் வயித்துலதாம்மா புழு. எங்களுக்குத் தெரிஞ்சது பட்டுப்புழு ஒண்ணுதான். அதுவும் பெங்களூர்லயே நின்னுடுது, இங்க நூலுதான் வருது!"

நாலாம் நாள்

அந்த நெசவாளியின் பெண்டாட்டி தனம் ஆறு மாதக் கர்ப்பிணி. ராட்டையில் நூல் சுற்றும் விரல்களில் நகமெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. யாரும் பார்க்காதபோது செங்கல் துண்டை வாயில் போட்டுக்கொள்வாள். டாக்டரம்மாவிடம் சொன்னேன். "புழு ரத்தத்தைக் குடிக்குது. விட்டா பிரசவம் தாங்கமாட்டா. ஆனா சோதிக்காம மாசமானவளுக்கு மருந்து தரமாட்டேன்" என்றார்.

தனத்தின் மாமியார் டப்பாவைத் தொடவிடவில்லை. மாசமானவளுடையது வெளியாள் கைக்குப் போனால் ஏவல், சூனியம் என்று வைத்துவிடுவார்களாம். காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று நாள் அந்தத் தெருவிலேயே அலைந்தேன். உட்கார்ந்தால் அந்த நகம்தான் கண்ணில் நின்றது. நாலாம் நாள் மாமியாரே டப்பாவை நீட்டினாள்.

"கண்ணு படாம எடுத்துக்கினு போம்மா."

சுத்தமாக இருந்தது

கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய மற்ற டப்பாக்களில் வயல்காரர், தறிக்காரர் எல்லோரிடமும் புழு முட்டை இருந்தது. தனத்தின் பேரில் வந்ததில் மட்டும் ஒன்றுமே இல்லை. மருந்து கிடையாது என்று சொல்லப் போனேன். மாமியார் முகம் செத்துப்போயிற்று.

"அது என்னோடதும்மா" என்றாள்.

எனக்கு வந்த கோபம்! "உனக்கு ஏவல் வெச்சா பரவாயில்லையா, பெரியம்மா?"

"எனக்கு என்னா, வயசாயிடுச்சு. அவ ரெண்டு உயிரு."

ராட்டை நின்றது. தனம் எழுந்து வந்து, என் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

"ஏவல் வர்றப்போ வரட்டும் அத்தே. உள்ள இருக்கிறதை மொதல்ல தொரத்தலாம்."

புதுக் கிராக்கி

அவள் டப்பா நிறைய முட்டைதான். புழு மருந்தை டாக்டரம்மா தன் கண்ணெதிரே குடிக்க வைத்தார். ரத்தம் ஊற மாத்திரையும் கொடுத்தார். தை மாதம் ஆண் குழந்தை பிறந்தது, தாய்க்கும் குறையில்லை. பார்க்கப் போனேன். மாமியார் பேரனை என் மடியில் போட்டாள்.

"இவனுக்கு டப்பா எங்கேம்மா?"

அன்றிலிருந்து, மறுபேச்சு இல்லாமல் டப்பாவை நீட்டும் எந்த மாமியாரிடமும் "இது யாரோடது?" என்று கேட்காமல் நான் வாங்கியதில்லை.