பச்சையாய் வந்த பிழை

எங்கள் நிறுவனம் திருகோணமலை மாவட்டத்தில் நெல் வெட்டும் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. எந்த இயந்திரம் எந்த வயலில் நிற்கிறது, அடுத்தது யாருடைய முறை என்ற விபரமெல்லாம் ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது. அதன் பிரதிகள் மூன்று: துறைமுகத்தைப் பார்த்த எங்கள் அலுவலகத்தில் ஒன்று, கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று. கிளைக் கணினிகளும் சாரதிகளின் போன்களும் அதனிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கும். கேட்டதற்குப் பதில் வராவிட்டால், அல்லது பிழையாக வந்தால், ஏனென்று பார்ப்பது என் வேலை.

மாசி வெட்டு நடந்துகொண்டிருந்தது. அந்த வருடம் பருவம் தப்பி மழை வந்து வந்து போனது. அன்றும் மத்தியானத்திலிருந்து கடற்பக்கம் கறுத்துக்கொண்டு வந்ததால் எனக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து யன்னலைச் சாத்துவேன், வெக்கை தாங்காமல் திரும்பத் திறப்பேன். அப்போதுதான் கிளிவெட்டியிலிருந்து ஒரு அம்மா போன் எடுத்தார்.

"பிள்ளை, என்ர வயல் வெட்டி முடிஞ்சுதெண்டு மெசினை லொறியில ஏத்தப் போறாங்கள். இஞ்ச ஒரு கதிரும் வெட்டேல்ல. வானத்தைப் பார்த்தனீங்களோ?"

"பார்த்தனான் அம்மா. வையுங்கோ, இப்ப பார்க்கிறன்."

பதிவில் "முடிந்தது" என்றே இருந்தது. கிளிவெட்டி வயல்களைப் பதியும் மூதூர்க் கிளைத் தம்பிக்கு எடுத்தேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். "மிஸ், பக்கத்து வயல்தான் முடிஞ்ச. மேல் வரிய அமத்துறதுக்குக் கீழ் வரிய அமத்திட்டன். முடிஞ்சதெண்டு போட்டா மறுகா என்னால மாத்த ஏலாதே, நீங்கதான் மாத்தணும்."

அது எங்கள் ஒழுங்கு. முடிந்ததை முடியாததாக மாற்றத் தலைமை அலுவலகத்தால் மட்டுமே முடியும். நான் "காத்திருக்கிறது" என்று மாற்றிச் சேமித்தேன். பச்சை எழுத்தில் "சேமிக்கப்பட்டது" என்று வந்தது. திரும்பத் திறந்து பார்த்தேன். "முடிந்தது."

சாரதிக்கு எடுத்தேன். இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலால் கத்தினார். "மிஸ், போன்ல தம்பலகாமம் எண்டுதான் காட்டுது. போன்ல மாறினா நான் இந்த வயல்ல இறக்கிறன். உங்கட வாய்ச்சொல்லைக் கேட்டு நிண்டா அங்க இருக்கிறவன் என்ர கழுத்தையெல்லோ பிடிப்பான்?"

அவரில் பிழை சொல்ல ஏலாது. முறை மாறிப் போனதாக வரம்பில் சண்டை வந்த பிறகுதான், போனில் காட்டும் வயலுக்கே போகவேண்டும் என்று நாங்களே கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தோம். தம்பலகாமத்துக்குப் போகும் லொறி அன்றைக்குத் திரும்பி வராது என்பது அந்த அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுபடி மாற்றினேன். பச்சை. திறந்தேன். "முடிந்தது."

பிழைப் பதிவைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. கொழும்புப் பிரதியிடம் கேட்ட கேள்விகள் பதில் வராமல் நேரம் கடந்து விழுந்திருந்தன. இதுதான் காரணம் என்று பாய்ந்தேன். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன், இணைப்பை வெட்டித் திரும்பக் கொடுத்தேன். சிவப்பு குறைந்தது. வயல் மட்டும் முடிந்தே இருந்தது. நடுவில் அந்த அம்மா இரண்டாம் தரம் எடுத்தார்.

"லொறிக்குப் பலகை வச்சாச்சு. நான் முன்னால போய் நிக்கட்டோ?"

"மெசினுக்கு முன்னால நிக்காதேங்கோ அம்மா!"

"அப்ப நீங்கள் வந்து நில்லுங்கோ."

எழுந்து மேசையைச் சுற்றி ஒரு தரம் நடந்தேன். பதற்றத்தில் எப்போதும் ஒழுங்கை விட்டுவிட்டு, கண்ணில் படுவதை எல்லாம் திருத்தத் தொடங்கிவிடுகிறேன் என்பது எனக்குத் தெரியும். திரும்ப உட்கார்ந்து, மூன்று பிரதிகளிடமும் தனித்தனியாக அந்த ஒரு வரியைக் கேட்டேன். கொழும்பும் இப்போது பதில் சொன்னது. மூன்றுமே "முடிந்தது" என்றன. அப்படியென்றால் நான் எழுதியது வழியில் தொலையவில்லை. எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்து, எல்லா இடத்திலும் ஏற்காமல் தள்ளப்பட்டிருக்கிறது. ஒரே வரிக்கு இரண்டு திருத்தம் வந்தால் எங்கள் தரவுத்தளம் பிந்திய நேரம் உள்ளதை எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தைக் குறித்து அனுப்புவது எழுதுகிற கணினி.

இந்த மாவட்டத்தில் ஒருகாலம் இரண்டு நேரம் ஓடியது. அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியபோது, அரசாங்கத்தின் கையில் இல்லாத வெருகல் பக்கம் பழைய நேரத்திலேயே நின்றது. கலியாணம் என்றாலும் பஸ் என்றாலும் "புது நேரமோ, பழைய நேரமோ?" என்று கேட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள். அந்தக் கேள்விதான் அப்போது வாயில் வந்தது. "முடிந்தது" என்ற சொல் எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்று தரவுத்தளத்திடம் கேட்டேன். வந்த பதிலைப் பார்த்துவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். அந்த நேரம் இன்னும் வரவில்லை.

மூதூருக்கு எடுத்தேன். "தம்பி, உங்கட கொம்பியூட்டர்ல இப்ப என்ன நேரம்?"

அவர் சொன்னார். எங்களுடையதைவிடக் கால் மணித்தியாலம் கூட.

"ஆர் இதை முன்னுக்கு வச்சது?"

"நான்தான் மிஸ். கிண்ணியாவுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்காம உட்டா மறுகா ஓட்டோதான். அதான் கொஞ்சம் ஓட்டமா வெச்சிரிக்கன். சும்மா மணிக்கூடு தானே?"

கத்த வாய் உன்னியது. ஆனால் அவர் கேட்டதில் ஞாயம் இருந்தது. மணிக்கூடு சும்மா இல்லை என்று அவருக்கு நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த நேரம் கடந்த பிறகு மாற்றினால் என் திருத்தம் நிற்கும். ஆனால் லொறி நிற்காது. ஆகவே ஒருநாளும் செய்யாததைச் செய்தேன். என் திருத்தத்துக்கு நேரத்தைக் கணினி போட விடாமல், மூதூர்க்காரரின் நேரத்துக்கும் கொஞ்சம் பிந்திய பொய் நேரம் ஒன்றை என் கையால் போட்டுச் சேமித்தேன். திறந்தேன். "காத்திருக்கிறது."

சாரதி தானே எடுத்தார். "ஓம் மிஸ், இப்ப மாறீட்டு. அரைவாசி ஏத்தின மெசினை இறக்கிறதெண்டா லேசே?" பின்னால் அந்த அம்மாவின் குரல் கேட்டது: "கதையை விட்டிட்டு இறக்கு ராசா!"

பின்னேரம் மழை பிடித்தது. துறைமுகத்துக் கப்பல்கள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்துக்கொண்டு யன்னலடியில் நின்றேன். கிளிவெட்டியிலும் பெய்கிறதா என்று கேட்க இரண்டு தரம் போனைத் தூக்கி, வெட்டுகிற நேரத்தில் கரைச்சல் கொடுப்பானேன் என்று வைத்துவிட்டேன். அடுத்த நாள் காலையில் நானே எடுத்தேன்.

"எல்லாம் சாக்கில கட்டியாச்சு பிள்ளை. கரைப் பக்கம் ஒரு துண்டு மட்டும் நனைஞ்சு சாய்ஞ்சு போச்சு. மெசின் அதுக்கு வாறதுக்கிடையில மழை வந்திட்டு."

சிவப்பு எழுத்துகளுக்குப் பின்னால் நான் ஓடிய நேரம் எனக்கு நினைவில் இருந்தது. "எவ்வளவு அகலம் அம்மா, அந்தத் துண்டு?"

"அதையெல்லாம் ஆர் அளந்தது?" அவர் சிரித்தார். "ரெண்டு பாய் விரிச்சுப் படுக்கலாம். ஏன், வாறீங்களோ?"