பன்றிக்கு ஒரு வேலி, முள்ளம்பன்றிக்கு ஒரு வேலி

வேலி கட்டுகிறவனுக்குக் காட்டு மிருகங்களைவிடக் கண்டிப்பான முதலாளி கிடையாது. ஜப்பான்காரன் நம் நாட்டைப் பிடித்து ஆண்ட போர்க் காலத்தில் மரவள்ளிக்கிழங்கை அவித்தும் சுட்டும் தின்று தீர்த்த அன்பர்களே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அரிசி கண்ணில் படாத அந்த நாட்களில் வேலி விழுந்தால் வீட்டில் உலை ஏறாது. என் கூலியும் கிழங்குதான்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோட்டை

ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்னால் மணியம் அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து கிழங்கு போட்டிருந்தார்கள். காட்டுப்பன்றி வரும் என்று பயந்து, தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய சிலிப்பர் கட்டைகளை ஆளுயரத்துக்கு நெருக்கமாக நட்டு, ஒரு கதவும் வைத்தேன்.

மறுநாள் காலை வேலிக்கு அடியில் ஒரு பானை நுழையும் அளவுக்குக் குழி. கடித்துப் போட்ட கிழங்கில் உளியால் சீவியதுபோல் பல் தடம். பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள். வந்தது முள்ளம்பன்றி! பேர்தான் பன்றி, உறவெல்லாம் எலியோடும் அணிலோடும். மணியம் அண்ணன் கட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"ரயிலே வந்து மோதினாலும் நிக்கும் தம்பி. ஆனா வந்தது ரயில் இல்லையே!"

கிள்ளானில் படித்த பாடம்

துணி வியாபாரம் படுத்துப்போய்க் கிழங்கு நட்டிருந்த ஒரு பாய், கிள்ளானுக்குக் கூப்பிட்டார். நான்தான் இப்போது முள்ளம்பன்றி விஷயத்தில் புலி ஆயிற்றே! தகரத்தை முழங்கால் ஆழத்துக்குப் புதைத்தேன். மேலே பேருக்கு ஒரு மூங்கில் தட்டி.

விடிந்து போய்ப் பார்த்தால் தட்டி மல்லாந்து கிடந்தது. செடிகள் வேரோடு புரண்டிருந்தன. ஈர மண்ணெல்லாம் பிளந்த குளம்பின் தடம். இது அசல் காட்டுப்பன்றி. மாட்டுக்குத் தூரத்துச் சொந்தம், மூக்காலேயே உழும். குழி தோண்டி நுழையும் பொறுமை அதற்குக் கிடையாது. பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கீழே பூட்டு போட்டிருக்கே தம்பி. அவரு வாசல் வழியா வந்துட்டுப் போயிட்டாரு."

இரண்டுக்கும் சேர்த்து

பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடினேன். மிச்சமிருந்த கிழங்கும் போனால் அங்கே மூன்று வீட்டில் பட்டினி. மேலே கட்டை இருந்தது. கீழே தகரம் புதைத்தேன். கதவுக்கு அடியில் நாலு விரல் இடைவெளி கண்ணை உறுத்தியது. கதவைக் கழற்றிவிட்டு அங்கேயும் கட்டைகளை நட்டேன்.

மறுநாள் உள்ளே ஓர் இலைகூட ஒடியவில்லை. குவார்ட்டர்ஸே கைதட்டியது. அண்ணனின் மனைவி செல்லம்மா அக்கா கூடையோடு வந்து வேலியை ஒரு சுற்று சுற்றினார். திரும்பவும் ஒரு சுற்று. அண்ணன் ஏறிப் பார்த்தார்; வேட்டி கட்டை முனையில் மாட்டிக்கொள்ள, பாதியில் தொங்கினார். அக்கா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மண்வெட்டியை என்னிடம் நீட்டினார்.

"பன்னி மாதிரி இடிக்கிறியா, முள்ளம்பன்னி மாதிரி தோண்டுறியா? சீக்கிரம் சொல்லுலா, உலை கொதிக்குது!"

நான் கட்டிய வேலிகளில் அந்த ஒன்றுக்குள் மட்டும்தான் வேறெந்தப் பிராணியும் நுழையவில்லை; குழி பறித்து நுழைந்தது நான் ஒருவன்தான்.